மருந்து வச்சுட்டா

நேயர்களுக்கு வணக்கம். சூனியக்காரிகள் என்று பெண்களைப் பிடித்து நடத்திய வழக்குகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். 'பௌதிக வாத்தியாருக்கும் சூனியத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று வீட்டில் கேட்டார்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

நம் திருநெல்வேலிப் பக்கம் 'மருந்து வச்சுட்டா' என்று சொல்வோம். ஆஸ்பத்திரி மருந்து இல்லை. சோற்றிலோ காப்பியிலோ வேண்டாதவர்கள் கலந்து கொடுத்துவிட்டதாக நம்புகிற இடுமருந்து. அதை எடுத்துவிடுகிறவர் வீட்டு வாசலில் விடிகாலையில் வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் காத்திருந்தும் இருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை.

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். தெருவில் மோர் விற்கிற ஆச்சி ஒருத்தி இருந்தாள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை; வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒருநாள் எதிர்வீட்டு அத்தைக்கு வயிற்றுவலி. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதே பேச்சுதான்: "மோர்ல மருந்து வச்சுட்டா." எங்கள் அம்மாவும், "ஏல, அவ கையில ஒண்ணும் வாங்கிக் குடிச்சிராத" என்றாள். அதோடு ஆச்சியின் மோர்ப்பானையை எவரும் கூப்பிடவில்லை. நாங்கள் பையன்கள் அவளைக் கண்டால் ஓடுவோம். ஓடியதில் நானும் உண்டு.

இருபது வருஷம் கழித்து அம்மாவே ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். அந்த அத்தை ஆச்சியிடம் கைமாற்று வாங்கியிருந்தாளாம். ஆச்சி பணத்தைத் திருப்பிக் கேட்ட மறுவாரம்தான் அந்த வயிற்றுவலி. பணம் திரும்பியதா என்று அம்மாவிடம் கேட்க எனக்குத் தோன்றாமல் போயிற்று.

இனி ஜெர்மனிக்குப் போவோம். 1615, லெயோன்பெர்க் என்ற சிறிய ஊர். உர்சுலா ரைன்போல்டு என்ற பெண், கத்தரீனா கெப்ளர் என்ற கிழவி கொடுத்த பானத்தைக் குடித்ததால்தான் தனக்கு நோய் வந்தது என்றாள். பானம்! இங்கே மோர், அங்கே மூலிகைச் சாறு. வழக்குக்கு முன்னால் கத்தரீனாவின் இளைய மகனுக்கும் உர்சுலாவுக்கும் என்ன தகராறு தெரியுமா? பணத் தகராறு.

கெப்ளர் என்ற பெயரைக் கேட்டதும் பத்தாம் வகுப்பை நினைத்திருப்பீர்கள். ஆமாம், அவரேதான். கோள்கள் நீள்வட்டப் பாதையில் சூரியனைச் சுற்றுகின்றன என்று சொன்ன யோகான்னஸ் கெப்ளரின் தாயார்தான் இந்தக் கத்தரீனா. நீள்வட்டத்தைப் படம் போடாமல் விளக்க முடியாது, வானொலியில் அதை விட்டுவிடுகிறேன்.

கெப்ளர் குடும்பம் முதலில் அவதூறு வழக்குப் போட்டது. அது இழுத்து இழுத்து, கடைசியில் கத்தரீனா மேல் சூனிய வழக்காகவே திரும்பியது. 1620 ஆகஸ்டில் ஒரு நடுராத்திரி, எழுபது தாண்டிய அந்த அம்மாவை மகள் வீட்டிலிருந்து ஒரு பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினான்கு மாதம் சிறை, காலில் சங்கிலி.

மகன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்தவர், அம்மா நல்லவள் என்று அழுதுகொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு சாட்சியாக எடுத்து, இந்த வலி வேறு எதனால் வந்திருக்கலாம் என்று கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அந்த வீட்டில் குடித்த பிறகு கால் முடங்கியது என்றார். நீங்கள் ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தீர்களே, அதனால்தான் என்றார் கெப்ளர். கிழவி உரசிப் போனதும் கை வலித்தது என்றாள் ஒரு சிறுமி. அவள் செங்கல் சுமக்கிற பிள்ளை, வலிக்காமல் என்ன செய்யும்? எனக்குக் கோள்களைப் பற்றிய அவருடைய மூன்று விதிகளைவிட இது பெரிது. வகுப்பில் இதைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தையே ஆரம்பிப்பேன். தேர்வில் வராது சார் என்பார்கள்.

சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டிப் பார்த்தார்கள். ஒத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று கிழவி நின்றாள். 1621 அக்டோபரில் விட்டுவிட்டார்கள். ஆறே மாதத்தில் இறந்துபோனாள். அவளுக்கு ஒரு கெப்ளர் இருந்தார். ஐரோப்பாவில் ஏறக்குறைய 1450இலிருந்து 1750 வரை, சூனியம் வைத்ததாகக் கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் இருக்கும் என்பது வரலாற்று ஆசிரியர்களின் கணக்கு. பெரும்பாலோர் பெண்கள். அந்த வழக்குக் காகிதங்களில் திரும்பத் திரும்பக் கிடைப்பது செத்த கன்று, திரிந்த பால், 'இல்லை போ' என்று விரட்டப்பட்ட பிச்சைக்காரி முணுமுணுத்த ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் நடந்தவைதான்.

சேலம் என்ற ஊரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது. 1692இல் பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிழவர் வாய் திறந்து பதில் சொல்ல மறுத்தார். நெஞ்சில் கல்லை அடுக்கியே கொன்றார்கள். 'ஆமாம், நான் சூனியக்காரிதான்' என்று ஒத்துக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் பிழைத்தார்கள். இல்லை என்று சத்தியம் செய்தவர்கள்தான் கயிற்றில் தொங்கினார்கள். என்ன நியாயம், சொல்லுங்கள்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். நம் நாட்டுக் கதைக்கு அரை மணி நேரம் வைத்திருந்தேன், அரை நிமிஷம்தான் மிச்சம். சூனியக்காரி என்று பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க பீகார் 1999இல் சட்டம் போட்டது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, அசாம் எல்லாம் பின்னால் வந்தன. அசாமில் பிருபாலா ராபா என்று ஓர் அம்மா. மகனுக்கு உடம்பு சரியில்லை. மூன்று நாளில் செத்துப்போவான் என்று ஊர் மந்திரவாதி சொல்லிவிட்டான். பையன் சாகவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் ஊர் ஊராகப் போய்ச் சூனியக்காரி என்று துரத்தப்பட்ட பெண்களுக்காக நின்றார். 2021இல் பத்மஸ்ரீ... சரி தம்பி, முடித்துவிட்டேன். நேயர்களுக்கு வணக்கம்.