தண்டவாளத்துக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பா மீட்டர் கேஜ் காலத்தில் கீமேன் வேலை பார்த்தவர். சுத்தியலும் ஸ்பேனரும் தோளில், கொடிகள் கையில். காலையில் புறப்பட்டால் தன் எல்லைக்கு உட்பட்ட தண்டவாளம் முழுவதையும் நடந்தே பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். எப்போதாவது விடுப்புக் கிடைத்தால் செங்கோட்டையில் எங்களை ரயிலேற்றிப் புனலூர் வரை கூட்டிப்போவார். ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வரும்போது என்னை இழுத்து ஜன்னலோரம் உட்கார வைப்பார். கீழே ரோடு, பக்கத்தில் ஆறு, மேலே நாங்கள்.

1904-இல் திறந்த பாதை அது. 2010-இல் மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்தினார்கள். அகலப்பாதையாக மாற்றி 2018-இல் மறுபடி திறந்தார்கள். பாலம் இன்றும் நிற்கிறது, வண்டியும் போகிறது. நான் பார்த்து வளர்ந்த அந்த ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் மட்டும் இல்லை. அதைத்தான் ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டு மாடி அறையில் சின்ன அளவில், மாதிரி ரயிலாக, மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ரயிலைவிட, அதற்கு அடியில் இருக்கும் மரவேலையைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

மாதிரி ரயிலில் பல அளவுகள் உண்டு. உலகத்தில் அதிகம் புழங்குவது எச்.ஓ. என்ற அளவு. உண்மைப் பொருளை 87-இல் ஒரு பங்காகச் சுருக்குவது. பூனாவில் கோத்ருட் பகுதியில் 1998-இல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே காட்சியகத்தில் இந்த அளவு வண்டிகளைத்தான் பார்க்கலாம். நம் மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வருகிறது. 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் கூடுதல்தான், கண்ணுக்குத் தெரியாது. இருபது மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு பெட்டி ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரம் மட்டும் பதினொன்றரை மீட்டருக்குக் கீழே சுருங்காது. என் அறையோ 12 அடிக்கு 10 அடி. அதனால் ஒரு ஸ்டேஷன், ஒரு குகை, அந்தப் பாலம், இவ்வளவு போதும் என்று முடிவு செய்தேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஒன்று வாங்கி, நான்கு கால் அடித்து, அதன் மேல் தண்டவாளத்தைப் பரப்பினேன். வண்டி ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் பலகை நடுவில் தொய்ந்துவிட்டது. பெட்டிகள் ஏறி இறங்கும் இடத்தில் கொக்கி கழன்று பாதி வண்டி பின்தங்கியது. ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அந்தத் தொய்வு இல்லை. தட்டையான பலகையின் மேல் பாலத்தை எங்கே வைப்பது? பாலத்துக்குக் கீழே பள்ளம் வேண்டுமே! மேசையில் மலை கட்டலாம், பள்ளத்தாக்கு தோண்ட முடியாது. நிஜ ரயில் பாதையில் பூமி சில இடத்தில் தண்டவாளத்துக்கு மேலே இருக்கும், சில இடத்தில் வெகு கீழே போய்விடும். மலைப்பாதையின் அழகே அந்த ஏற்ற இறக்கம்தான்.

இதற்கு அமெரிக்காவில் லின் வெஸ்ட்காட் என்பவர் ஒரு வழியைப் பரப்பினார். மாதிரி ரயில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். அவர் முறைக்குப் பெயர் எல் கர்டர். நம் ஆசாரிகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். நாலு அங்குல ரீப்பர், அதாவது ஒல்லியான மரச்சட்டம், ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் விளிம்பில் இரண்டு அங்குல ரீப்பரைப் படுக்கவைத்துப் பசை போட்டு முடுக்கினால், குறுக்கே பார்க்கும்போது எல் எழுத்தைக் கவிழ்த்த மாதிரி ஓர் உத்தரம் கிடைக்கும். எடை குறைவு, வளையாது. இப்படி இரண்டு உத்தரங்களை இணையாக நிறுத்தி, அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்களைப் போட வேண்டும்.

காலை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உத்தரத்தின் இரண்டு முனையிலும் கால் வைத்தால் நடுப்பகுதி தொய்யும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வைக்க வேண்டும். மூன்று மீட்டர் உத்தரம் என்றால் ஒவ்வொரு முனையிலிருந்தும் 60 சென்டிமீட்டர் உள்ளே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளின் பாரம் நடுப்பகுதியின் தொய்வைச் சமன் செய்துவிடும்.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது குறுக்குச் சட்டங்களைப் பொருத்தும் விதம். பசை கூடாது. படுத்திருக்கும் அந்த இரண்டு அங்குல ரீப்பர் வழியாகக் கீழிருந்து மேலே ஸ்க்ரூ முடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒரு பாயிண்டுக்கான, அதாவது தடம் இரண்டாகப் பிரியும் இடத்துக்கான மோட்டார் சரியாகச் சட்டத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தால், கீழே படுத்து ஸ்க்ரூவைக் கழற்றி, சட்டத்தை இரண்டு அங்குலம் நகர்த்தி மறுபடி முடுக்கிவிடலாம். மேலே மலை கட்டி முடித்த பிறகுகூட நகர்த்தலாம். நான் இதுவரை ஏழு முறை நகர்த்தியிருக்கிறேன்.

குறுக்குச் சட்டங்களின் பக்கவாட்டில் முட்டுகளை நிறுத்துகிறோம். முட்டின் தலையில் தண்டவாளம் போகும் அகலத்துக்கு மட்டும் வெட்டிய 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் பட்டை உட்காரும். நிஜப் பாதைக்கு மண்கரை எப்படியோ அப்படி. முட்டின் உயரத்தைக் கூட்டிக் குறைத்தால் பாதை ஏறும், இறங்கும். பட்டைக்கு வெளியே எல்லா இடமும் வெறும் காற்று. அங்கே பூமியை எந்த ஆழத்துக்கும் கொண்டுபோகலாம். பாலம் வரும் சுவரோரம் உத்தரங்களையே 20 சென்டிமீட்டர் கீழே இறக்கிப் போட்டிருக்கிறேன். கழுதுருட்டி ரோடு அங்கேதான் போகப்போகிறது.

ஏற்றத்தில் ஆசைப்படக் கூடாது. 100 சென்டிமீட்டருக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. அதற்கு மேல் போனால் சின்ன இன்ஜின் ஆறு பெட்டியோடு சக்கரம் வழுக்கி நின்றுவிடும். ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை கடக்க ஏழரை சென்டிமீட்டர் உயரம் தேவை. இரண்டரை விழுக்காட்டில் அதற்கு மூன்று மீட்டர் ஓட வேண்டும். என் அறையின் பத்தடிச் சுவர் அதோடு முடிந்தது. காகிதத்தில் இந்தக் கணக்கைப் போடாமல் மரம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாதியில் விட்டுவிடுகிறார்கள். வளைவும் அப்படித்தான். 60 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே நான் போகவில்லை. மேசையின் அகலம் 75 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், தடம் புரண்ட பெட்டியைக் கை எட்டி எடுக்க வேண்டும்.

மட்டம் பார்க்க ரசமட்டம் மட்டும் போதாது. அறையைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு மயிரிழை பிசகு சேர்ந்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கு ஓர் அங்குலம் ஏறி வந்து நிற்கும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தைத்தான் நான் பயன்படுத்தினேன். தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய். எதிரெதிர்ச் சுவரில் குறித்த இரண்டு கோடுகளும் ஒரே உயரம்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காயாத மரம் வேண்டவே வேண்டாம். ஒரு முறை அவசரத்தில் ஈரம் போகாத ரீப்பர் வாங்கிவிட்டேன். இரண்டே மாதத்தில் அது முறுக்கிக்கொண்டது, அத்தனையையும் கழற்ற வேண்டியதாயிற்று. ப்ளைவுட்டின் இரண்டு பக்கமும், முக்கியமாக விளிம்புகளும், பெயின்ட் குடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும். சித்திரை வெயிலில் மரம் சுருங்கும், அதே நேரம் தண்டவாளம் சூட்டில் நீளும். இரண்டும் சேர்ந்தால் பாதை பக்கவாட்டில் பிதுங்கும். அதனால் இணைப்புகளில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். அந்தக் கால நிஜத் தண்டவாளத்திலும் அந்த இடைவெளி இருந்தது. மீட்டர் கேஜ் வண்டியின் தடக் தடக் சத்தம் அதிலிருந்து வந்ததுதான். அப்புறம் கரையான். மேசையின் கால் சுவரைத் தொடக் கூடாது. ஒவ்வொரு காலையும் ஒரு டைல்ஸ் துண்டின் மேல் நிறுத்தியிருக்கிறேன். வாரம் ஒரு முறை டார்ச் எடுத்துக்கொண்டு கீழே குனிந்து பார்ப்பேன்.

மின்சார வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டங்களை ஏற்றும் முன்பே ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை போட்டுவிடுங்கள், ஒயர் அதன் வழியே போகும். தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக இரண்டு ஒயர் பற்றவைத்து, கீழே ஓடும் தடித்த ஒயரோடு சேர்த்துவிடுங்கள். இணைப்புத் தகட்டை மட்டும் நம்பினால் ஒரு வருடத்தில் களிம்பு பிடித்து மின்சாரம் போகாது. வெளிநாட்டிலிருந்து யாராவது வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மின்பெட்டி கொண்டுவந்தால் அதன் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230. என் முதல் பெட்டி புகைந்து போனது அப்படித்தான்.

இப்போது என் அறையில் மலை இல்லை, மரம் செடி இல்லை, ஜல்லிகூட இல்லை. வெறும் ப்ளைவுட் பட்டையின் மேல் ஐந்து மாதமாக வண்டி ஓட்டுகிறேன். முன்னே ஓட்டுவதைவிடப் பின்னே தள்ளிப் பார்ப்பதுதான் கடுமையான சோதனை. பெட்டிகளை ரிவர்சில் தள்ளும்போது மில்லிமீட்டரில் பாதி பிசகு இருந்தாலும் அங்கே தடம் புரளும். புரண்ட இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, விரல் நகத்தை இணைப்பின் மேல் ஓட்டிப் பார்ப்பேன். நகம் தட்டினால் அரம் போடுவேன். அப்பா குனிந்து உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் நீளத்தைப் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். கோணல் இருந்தால் அந்தப் பார்வைக்குத் தப்பாது.

பாலம் வரும் இடத்தில் இப்போதைக்கு ஒரு பலகையைப் போட்டு வண்டியை விடுகிறேன். பேத்தி ஸ்டூலில் ஏறி நின்று, அந்தப் பலகைக்குக் கீழே தெரியும் பள்ளத்தைத்தான் எட்டிப் பார்க்கிறாள். பாலத்தின் வளைவுகளை ப்ளைவுட்டில் அறுத்துப் பூச்சு கொடுத்து, கல் வரிசை கீறி எடுக்கிறேன். ஒரு வளைவுக்கு ஒரு வாரம் ஆகிறது. பதிமூன்றில் ஏழு முடிந்திருக்கிறது. தை மாதத்துக்குள் மீதி ஆறையும் அறுத்துவிட வேண்டும்.

வணக்கம்.