செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் அடியில் ஒரு படகுத்துறை

அவையோருக்கு வணக்கம். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் முழுகிக் கிடக்கும், இன்று முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்க்கும் ஒரு துறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கார்ன்வால் நகருக்கு மேற்கே அந்த ஆறு ஒரு காலத்தில் பாறைகளின் மேல் கொந்தளித்து இறங்கியது. லாங் சூ பாய்ச்சல் என்று பெயர். சரக்குப் படகு அதைக் கடப்பது பெரும்பாடு. அதனால் பாய்ச்சலுக்கு மேலே டிக்கின்சன்ஸ் லேண்டிங் என்ற துறையில் ஆட்களும் சரக்கும் இறங்கி, வண்டியில் தரைவழியே போனார்கள். 1840-களில் கார்ன்வால் கால்வாய் வந்தது. அதன் மேல்முனையில் இருந்ததுதான் லாக் 21: இரு பக்கமும் கற்சுவர், முன்னும் பின்னும் கதவு, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டி.

1958 ஜூலை 1. கடல் கப்பல்கள் உள்நாட்டு ஏரிகள் வரை போவதற்கான கடல்வழித் திட்டத்துக்காகவும் நீர்மின்சாரத்துக்காகவும் புது அணை கட்டியிருந்தார்கள்; கட்டும்போது தண்ணீரை மறித்து வைத்திருந்த தற்காலிகத் தடுப்பணையை அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில நாட்களில் துறை, கால்வாய், பாய்ச்சல், சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் புதிதாகத் தேங்கிய ஏரிக்கு அடியில் போய்விட்டன. சுமார் 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அப்படியே பெயர்த்து, இங்கிள்சைட், லாங் சூ என்ற புது ஊர்களுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அக்வசாஸ்னே மோகாக் மக்களும் நிலம் இழந்தார்கள். அதைப் பலர் சொல்வதே இல்லை.

சரி, இப்போது தண்ணீருக்குள் வருவோம். இங்கே படகு வேண்டாம், கரையிலிருந்தே இறங்கலாம். ஆழம் அதிகபட்சம் 60 அடி அளவு. நன்னீர் என்பதால் மரத்தைத் துளைக்கும் கடற்புழு கிடையாது. பழைய மரவேலை கடலில் அழிவதுபோல் இங்கே அழிவதில்லை. தண்ணீர் தெளிவாக இருப்பதற்கு வரிக்குதிரைச் சிப்பிகள் ஒரு காரணம். கடல் கப்பல்கள் அடியில் நிரப்பிவந்த நீரோடு 1980-களில், இந்த ஆறு புறப்படும் வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நுழைந்தவை அவை. ஆற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அதே சிப்பிகள்தான் கல்லின் மேலும் படர்ந்து, செதுக்கிய விளிம்புகளை மறைக்கின்றன.

நீரோட்டத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவரின் மறைவில் தண்ணீர் அமைதியாக இருக்கும்; சுவரைத் தாண்டியதும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் ஓட்டத்தை எதிர்த்துப் போங்கள், களைத்த பிறகு ஓட்டம் உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு காற்று தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள். மதகு, சுரங்கவழி போன்ற இடுக்குகளுக்குள் அதற்கான பயிற்சி இல்லாமல் நுழையவே கூடாது. தூண்டில் நரம்பு சிக்கினால் அறுக்க ஒரு கத்தி. மேலே படகுகள் போகும், அதனால் முக்குளிப்புக் கொடியும் கட்டாயம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அங்கே கிடக்கும் ஆணியைக்கூட எடுக்காதீர்கள். நீருக்கடியில் உள்ள தொல்லிடங்களிலிருந்து அனுமதியின்றிப் பொருள் எடுப்பதை இந்த இடம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மரபுச் சட்டம் தடுக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம், அந்தத் தெருக்களில் பிள்ளைகளாக ஓடி விளையாடியவர்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் வாழ்கிறார்கள் என்பது. நமக்கு அது முக்குளிக்கும் இடம், அவர்களுக்கு அது ஊர்.

ஆகவே போகிறவர்கள் முதலில் ஆல்ட் பார்க்கில் இருக்கும் முழுகிய ஊர்களின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய வரைபடத்தில் துறை எங்கே, கால்வாய் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு சிலிண்டரை மாட்டுங்கள். நன்றி.