ரிசர்ச் ப்ரொப்போசல் தலைப்பு "ரொம்ப அகலம்"னு திருப்பிக் கொடுத்துட்டாங்களா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு மாணவி அனுப்பியிருக்காங்க. படிச்சிடறேன். "சார், நான் பி.காம். ரெண்டாவது வருஷம். பிசினஸ் கம்யூனிகேஷன் பேப்பருக்கு ரிசர்ச் ப்ரொப்போசல் எழுதச் சொன்னாங்க. 'நீலகிரி தேயிலைத் தொழிலில் தகவல் தொடர்பின் முக்கியத்துவம்'னு எழுதிட்டுப் போனேன். மேடம் ரொம்ப அகலமா இருக்குன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. எப்படிச் சுருக்கறது? எத்தனை பக்கம் இருக்கணும்?"

மேடம் செஞ்சது சரிதான்மா. முதல்ல அந்த 'முக்கியத்துவ'த்தைத் தூக்கிடுங்க. தகவல் தொடர்பு முக்கியம்னு உங்களுக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். விடை முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி?

விடை தெரியாத கேள்வி ஒண்ணு வேணும், அவ்வளவுதான். அது உங்க ஊர்லயே இருக்கு. பசுந்தேயிலைக்கு, அதாவது செடியில பறிச்ச இலைக்கு, தேயிலை வாரியம் குன்னூர்ல இருந்து மாசாமாசம் ஒரு விலை அறிவிக்கறாங்க இல்லையா? ஏலத்துல தூள் என்ன விலைக்குப் போச்சுன்னு பார்த்துக் கணக்குப் போடற விலை அது. அந்தத் தகவல் ஒரு சிறு விவசாயி காதுக்கு எப்படி வந்து சேருது? பேப்பர்லயா, வாட்ஸ்அப்லயா, தொழிற்சாலை நோட்டீஸ் போர்டுலயா, இல்ல இலை எடுக்க வர்ற ஏஜெண்ட் சொல்லித்தானா? அவருக்கு வந்து சேர்ந்த விலையும் அறிவிச்ச விலையும் ஒண்ணா? குறைஞ்சிருந்தா "ஏன்"னு யாரைக் கேக்கறார்? கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை போடறவங்களும், தனியார் தொழிற்சாலைக்குப் போடறவங்களும் ஒரே ஊர்ல இருந்தா இன்னும் நல்லது, ஒப்பிட்டே பார்க்கலாம்.

இப்ப தலைப்பு தானா வந்துடும். 'பசுந்தேயிலை மாத விலை அறிவிப்பு சிறு விவசாயிகளைச் சென்றடையும் வழிகள்: கோத்தகிரி வட்டாரக் கிராமம் ஒன்றில் ஓர் ஆய்வு'. நீளமா இருக்கேன்னு கவலைப்படாதீங்க. யாரைப் பத்தி, எதைப் பத்தி, எங்கன்னு மூணும் அதுல இருக்கு.

அடுத்து ஒரு எச்சரிக்கை. பாதிப் பேர் ப்ரொப்போசல்லயே "விவசாயிகளுக்கு விலை விவரம் சரியாகத் தெரிவதில்லை"ன்னு எழுதிடறாங்க. இன்னும் ஒருத்தரையும் போய்ப் பார்க்கல, அதுக்குள்ள தீர்ப்பா? 'கேட்டறிய உள்ளேன்', 'ஒப்பிட உள்ளேன்', இப்படித்தான் எழுதணும். இன்னும் செய்யாத வேலைக்கு அனுமதி கேக்கற காகிதம்மா அது.

மேடம் உட்கார்ந்து படிக்கப் போறது 'ஆய்வு முறை'ங்கற பகுதியைத்தான். அங்க "கேள்வித்தாள் மூலம் தரவு திரட்டப்படும்"னு ஒத்தை வரியில முடிச்சா போச்சு. யார்கிட்ட, எங்க, எந்த நேரத்துல, எந்த மொழியிலன்னு சொல்லுங்க. கூகுள் ஃபார்ம் அனுப்பறேன்னு எழுதாதீங்க. போன்ல ஃபார்ம் நிரப்பறவர்கிட்ட மட்டும் கேட்டா, போன்ல செய்தி பார்க்கறவர்தான் மாட்டுவார். நோட்டீஸ் போர்டை நம்பி இருக்கற பெரியவர் உங்க கணக்குலயே வரமாட்டார், முடிவே சாஞ்சிடும். நேர்ல போங்க. கேள்விகளை எழுதறது இங்கிலீஷ்ல இருக்கட்டும், கேக்கறது தமிழ்லயோ, படுகர் மக்கள் பேசற படுகு மொழியிலயோ இருக்கட்டும். அதையும் ப்ரொப்போசல்ல ஒரு வரி எழுதிடுங்க.

இலை எடை போடற இடத்துல எல்லாரும் கூடுவாங்க, அங்க போனா சுலபம்னு தோணும். ஆனா ஏஜெண்ட் பக்கத்துலயே நின்னுட்டு இருப்பார். அவர்கிட்ட முன்பணம் வாங்கினவர் அங்க வாயைத் திறப்பாரா? அதனால ஆளைப் பழகிக்க மட்டும் அங்க போங்க, கேள்வியை வீட்டுத் திண்ணையில வச்சுக்கலாம். பேர் எழுதமாட்டேன், பிடிக்கலன்னா பதில் சொல்ல வேண்டாம்னு முதல்லயே சொல்லணும். இந்த உறுதியையும் ப்ரொப்போசல்ல சேர்க்கணும். நிறைய பேர் விட்டுடற இடம் இது. ஒரு 30 பேர் போதும். தெரிஞ்சவங்க மூலமா போய்க் கேட்ட 30 பேர்னா அப்படியே சொல்லுங்க. அதை வச்சு மாவட்டம் முழுக்க இப்படித்தான்னு சொல்ல முடியாதுன்னு 'வரம்புகள்'ல நீங்களே எழுதிட்டா யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க.

கோட்பாடு வேணும்னு, ஷானன்ங்கற கணித அறிஞர் தகவல் தொடர்புக்குப் போட்ட விளக்கப் படத்தை ஒட்டிட்டு வருவீங்க, தெரியும். 1948-ல டெலிபோன் சமிக்ஞைக்காகப் போட்ட படம் அது. அனுப்பறவர், வழி, இரைச்சல், பெறுபவர்னு ஒரே திசையில போகும். பெறுபவர் திரும்பிக் கேள்வி கேக்க அதுல பாதையே கிடையாது. உங்க விவசாயி "ஏன் குறைஞ்சது"ன்னு கேக்கறாரே, அதை அந்தப் படத்துல எங்க வைப்பீங்க? இதை எழுதினா கோட்பாடு வேலை செய்யுது. சும்மா ஒட்டறதா இருந்தா வேண்டாம்.

முந்தைய ஆய்வுகளுக்கு சோத்கங்கா தளத்துக்குப் போங்க, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசமா இருக்கு. நாலஞ்சு நிஜமா படிச்சா போதும். சாட்ஜிபிடியைக் கேட்டு மேற்கோள் பட்டியல் வாங்கி வைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், இல்லாத புத்தகமெல்லாம் அதுல வந்து நிக்கும். மேடம் தேடிப் பார்ப்பாங்க.

கால அட்டவணை போடறப்போ காலண்டரை மட்டும் பார்க்காதீங்க, தோட்டத்தையும் பாருங்க. ஏப்ரல், மே மாசம் இலை வரத்து அதிகம், அப்ப யாரும் உட்கார்ந்து பேசமாட்டாங்க. டிசம்பர், ஜனவரி உறைபனியில இலை கம்மி, பேச நேரம் இருக்கும். செலவுக்கு பஸ் காசு, ஜெராக்ஸ் காசுன்னு உள்ளதை உள்ளபடி போடுங்க.

பக்கம் எத்தனைன்னு கேட்டிருந்தீங்க. மேடம் ஒரு எண்ணிக்கை சொல்லியிருந்தா அதான் கணக்கு. சொல்லலன்னா மூணு பக்கத்துக்குள்ள முடிங்க, அதுல ஒரு முழுப் பக்கம் ஆய்வு முறைக்குப் போகட்டும். கொடைக்கானல்ல இருந்து ஒரு தம்பி ரெஸ்யூமே பத்திக் கேட்டிருக்கார், அதுக்கு வர்றேன்.