தேரோடு கட்டாத வடம்

மதிப்புக்குரிய மன்றத் தலைவர் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் முன்னாள் நகரசபை உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த கோவில் நிர்வாக சபையினரே, தேவாரம் பாடிய சின்ன மகளே, அவளைப் பெற்றவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்று கேட்கும் அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் நாம் தமிழில் கூடிப் பேச இந்த மன்றம் இருக்கிறதென்றால், அதற்கு நம் தலைவர் ஐயாவின் உழைப்புத்தான் காரணம். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டுத் தொடங்குவோம்.

மக்கள் பிரதிநிதித்துவம், சர்வசன வாக்கெடுப்பு என்று இரண்டு விஷயங்களைப் பேச வந்திருக்கிறேன். இரண்டுக்கும் பொருந்துகிற பழமொழி ஒன்று நம்மிடம் இருக்கிறது: ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்.

1997 மே 1, பொதுத் தேர்தல். இங்கிலாந்தின் வின்செஸ்டர் தொகுதியில் பழமைவாதக் கட்சியின் ஜெர்ரி மலோன் ஏற்கனவே உறுப்பினர். அவரை எதிர்த்து லிபரல் ஜனநாயகக் கட்சியின் மார்க் ஓட்டன். எண்ணினார்கள், மறுபடியும் எண்ணினார்கள். கடைசியில் ஓட்டன் வென்றார். எத்தனை வாக்கால்? இரண்டே இரண்டு வாக்கால்! அவருக்கு வாக்களித்த ஒரு கணவனும் மனைவியும், “மழைக்குள் யார் போவது” என்று வீட்டில் இருந்திருந்தால் இருவரும் சமம். மலோன் விடவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். சில வாக்குச்சீட்டுகளில் அதிகாரிகள் முத்திரை குத்த மறந்திருந்தார்கள். செல்லாது என்று ஒதுக்கிய அந்தச் சீட்டுகளையும் சேர்த்தால் வென்றவர் மலோன். சரி, தேர்தல் ரத்து! நவம்பர் 20 அன்று ஊர் திரும்பவும் வாக்களித்தது. இந்த முறை ஓட்டனின் பெரும்பான்மை எவ்வளவு தெரியுமா? 21,556! தோற்றவர் வழக்குப் போட்டது ஊருக்குப் பிடிக்கவில்லை என்று பலரும் சொன்னார்கள். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆளுங்கட்சியாக இருந்த தொழிற்கட்சியின் வேட்பாளர் அங்கே கட்டுப்பணத்தையே இழந்தார். அந்தக் கட்சியின் ஆதரவாளர்கள் பலர், மலோன் வரக்கூடாது என்று ஓட்டனுக்குப் போட்டார்கள். மனதில் ஒரு கட்சி, சீட்டில் வேறு கட்சி. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு எடுத்தவர் மட்டுமே வெற்றி என்று வைத்து, இந்த நிலைமைக்கு மனிதரைத் தள்ளுகிற முறைதான் என் கவலை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். உண்மைதான். ஆனால் பிடித்திருக்கிற வடம் தேரோடு கட்டியிருக்க வேண்டாமா? 2015இல் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சிக்கு ஏறக்குறைய 39 லட்சம் வாக்கு, கிடைத்தது ஒரே ஓர் ஆசனம். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 15 லட்சத்துக்கும் குறைவு, 56 ஆசனங்கள். முதலாவது கட்சியின் கொள்கை எனக்குக் கொஞ்சமும் ஆகாது. ஆனாலும் அந்த 39 லட்சம் பேரும் வடம் பிடித்தவர்கள். 2024இல் 34 வீதம்கூட எட்டாத வாக்குகளோடு தொழிற்கட்சி 650 ஆசனங்களில் 411ஐ எடுத்தது.

கட்சிக்குக் கிடைத்த வாக்கின் அளவுக்கு ஏற்ப ஆசனம் கொடுக்கிற விகிதாசார முறை நமக்குப் புதிதா? இலங்கையில் 1989 முதல் நாடாளுமன்றத்துக்கு அதுதான். விருப்பு வாக்குக்கு, பிடித்த வேட்பாளரின் எண்ணில் புள்ளடி போட்ட கைகள் இந்த மண்டபத்திலேயே எத்தனை! இங்கேயும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு விகிதாசாரம் கலந்த முறை 1999 முதல் நடக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஏன் கூடாது?

“தேர்தல் முறையை மாற்றலாமா என்று 2011இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்களே, மக்கள் வேண்டாம் என்றார்களே” என்பார்கள். அன்று கேட்ட கேள்வி விகிதாசாரமே இல்லை. அதே தனித் தொகுதிகளில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாமா என்றுதான் கேட்டார்கள். வாக்களிக்க வந்தவர்களும் 42 வீதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று 2016இல் வைத்த வாக்கெடுப்பிலும் கேள்வி ஒற்றை வரி. விலகலாம் என்று 52க்கு 48 பதில் வந்தது. எப்படி விலகுவது என்ற வேலை திரும்ப நாடாளுமன்றத்திடம்தான் போனது. அந்தச் சபை சரியாக அமையாவிட்டால் எத்தனை வாக்கெடுப்பு வைத்தும் என்ன பயன்?

அதனால் ஒரு வேண்டுகோள். விகிதாசார முறை கேட்டு நம் தொகுதி உறுப்பினருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம், வாசலில் மேசைமேல் இருக்கிறது. “நான் இலங்கைக் கடவுச்சீட்டு, இந்தியக் கடவுச்சீட்டு” என்று ஒதுங்காதீர்கள். பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி இங்கே வசித்தால் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். பதிவு செய்யாதவர்களுக்கு உதவ நம் பிள்ளைகள் இருவர் மடிக்கணினியோடு அங்கேயே இருக்கிறார்கள். தேநீர் குடிக்கப் போகும்முன் அந்த மேசைப் பக்கம் வாருங்கள், ஊர் கூடித் தேர் இழுப்போம்.