எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நூலக வார விழாவில் எனக்கும் பேச இடமளித்த நூலகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து சிறப்பிக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, கோட்டையூரிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் மழையைப் பொருட்படுத்தாது வந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பொது நூலகங்களில் இணையத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சட்டம், பிள்ளைகளின் பாதுகாப்பு, செலவு ஆகிய மூன்றையும் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாகாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். என் கருத்தும் அதுவே.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. இணைய வசதிக்காக மத்திய அரசின் உதவித்தொகை பெறும் நூலகங்கள் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருளைப் பொருத்த வேண்டும் என்றது அது. 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆயினும் வயது வந்த வாசகர் கேட்டால் நூலகர் தடையை நீக்கித் தரலாம் என்ற வழி அச்சட்டத்திலேயே இருந்தது. இங்கே 2019இல், கல்லூரி விடுதியில் கைப்பேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி பெறும் உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்; ஊரின் பெயர் வேண்டாம். மார்பில் கட்டி இருப்பதாக மருத்துவர் சொல்லிப் பரிசோதனைக்கு எழுதித் தந்த சீட்டுடன் ஓர் ஆச்சி நூலகத்துக்கு வந்தார். வீட்டில் எவரிடமும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சீட்டை நீட்டி, அது என்ன பரிசோதனை என்று கணினியில் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அவள் தமிழில் தேடினாள், தடை; ஆங்கிலத்தில் தேடினாள், அதற்கும் தடை. பணியாளரை அழைத்தால், தடையை நீக்கும் கடவுச்சொல் தம்மிடம் இல்லை, மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றார். ஆச்சி கூசிப்போய், "நான் என்ன ஆத்தா தப்பாக் கேட்டுட்டேன்?" என்றார். அந்தப் பெண் அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, தன் கைப்பேசியில் மிச்சமிருந்த டேட்டாவில் தேடி, வரி வரியாகப் படித்துக் காட்டினாள். எலியைத் தேடியவர்கள் யார் வீட்டைக் கொளுத்தினார்கள் என்று பாருங்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இதழ்களோடு நாடக அறிவிப்புகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். எது பயன்படும், எது பயன்படாது என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லி அவர் கழித்திருந்தால், இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகம் ஏது? பிள்ளைகளுக்குத் தனிக் கணினியும் அருகில் ஒரு பணியாளரும் இருந்தால் போதும். பெரியவர்களுக்குப் பூட்டு வேண்டாம்.

அந்தப் பணியாளருக்குப் பணம் எங்கே என்பீர்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கப்படுகிறது. ஆள் குடியிராத பெரிய வீடுகளுக்கும் நம்மவர்கள் அதைக் கட்டுகிறார்கள். வசூலித்த வரி நிலுவையின்றி நூலகத் துறைக்குச் சேர வேண்டும்; சேர்ந்த கணக்கை ஆண்டுதோறும் நூலக வாசலில் ஒட்ட வேண்டும். நகர்மன்ற உறுப்பினர்கள் இங்கேயே இருப்பதால் இதை அவர்களிடமே கேட்கிறேன். இக்கோரிக்கை அடங்கிய விண்ணப்பம் வாசல் மேசையில் உள்ளது. அனைவரும் கையொப்பமிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.