எசேக்கியாவுக்கு வந்த இரண்டு நிருபங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

யூதாவின் ராஜாக்களில், தனக்கு முன்னும் பின்னும் தனக்கு நிகராக யாரும் கர்த்தரை நம்பவில்லை என்று சாட்சி பெற்றவன் எசேக்கியா. 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரம் அப்படிச் சொல்கிறது. அவனைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். அசீரிய சேனை அழிந்தது, ஆயுசில் 15 வருஷம் கூடியது, ஸ்தோத்திரம் என்று முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் வேதம் அவனைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பகுதியையும் சேர்த்து வாசித்தால்தான் அவன் நமக்கு முழுமையாகக் கிடைப்பான்.

முதலில் அவன் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தான் என்று பாருங்கள். அவனுடைய தகப்பன் ஆகாஸ் தன் குமாரனைத் தீக்கடக்கப்பண்ணினவன். தமஸ்குவில் கண்ட ஒரு பலிபீடத்தின் மாதிரியை அனுப்பி, அதேபோல் எருசலேமிலும் கட்டச் செய்தவன். ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியா ராஜாவுக்குக் காணிக்கையாக அனுப்பினவன். கடைசியில் கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளையே பூட்டிப்போட்டான். அந்தத் தகப்பனின் சிங்காசனத்தில் 25 வயதில் ஏறிய மகன், முதலாம் வருஷம் முதலாம் மாதத்திலேயே அந்தக் கதவுகளைத் திறந்தான். ஆலயத்தைச் சுத்திகரிக்க ஆசாரியருக்கும் லேவியருக்கும் 16 நாள் ஆயிற்று. அசுத்தத்தையெல்லாம் வாரிக் கீதரோன் ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தகப்பன் சரியில்லை, குடும்பம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வாலிபர் யாராவது இங்கே இருந்தால், 2 நாளாகமம் 29ஆம் அதிகாரத்தை இன்றிரவே வாசியுங்கள்.

இன்னொன்றும் செய்தான். மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை உடைத்துப்போட்டான். அது அந்நிய தேவர்களின் விக்கிரகம் அல்ல. வனாந்தரத்தில் கர்த்தரே செய்யச் சொன்னது. அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். அதற்கே ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது உடைத்தான். பாகாலின் பலிபீடத்தை இடிப்பது எளிது. முன்னோர்களை வாழவைத்த ஒன்றை உடைப்பதற்கு வேறொரு துணிவு வேண்டும்.

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பண்டிகையாகிய பஸ்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயெர்செபா தொடங்கித் தாண் மட்டும் அஞ்சல்காரரை அனுப்பி, பிரிந்துபோன வடதேசத்தாரையும் அழைத்தான். பலர் அந்த அஞ்சல்காரரைப் பரியாசம் பண்ணினார்கள், சிலர் தங்களைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் அநேகர் முறைப்படி சுத்திகரித்துக்கொள்ளாமலே பஸ்காவைப் புசித்தார்கள். ராஜா அவர்களைத் துரத்தவில்லை, அவர்களுக்காக ஜெபம்பண்ணினான். கர்த்தர் அந்த ஜெபத்தைக் கேட்டார்.

இப்போது முற்றுகைக்கு வருவோம். கி.மு. 701. அசீரியாவுக்குக் கட்டி வந்த கப்பத்தை எசேக்கியா நிறுத்திவிட்டான், அசீரியா ராஜா சனகெரிப் படையோடு வருகிறான். எசேக்கியா கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. மதிலைப் பழுதுபார்த்தான், ஆயுதங்கள் செய்தான், நகரத்துக்கு வெளியே இருந்த கீகோன் ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் திருப்பினான். பாறையைக் குடைந்து போகும், ஏறக்குறைய 533 மீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கக் கால்வாய் எருசலேமில் இன்றும் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள், நடுவில் மூன்று முழம் பாறை மீதமிருந்தபோது ஒருவர் குரலை ஒருவர் கேட்டு, கோடரிக்கு எதிர்க் கோடரியாக வெட்டிச் சேர்ந்தார்கள் என்று அதன் சுவரில் பொறித்து வைத்திருந்தார்கள். 1880இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விசுவாசம் இருந்தால் முயற்சி வேண்டாம் என்று போதிக்கிறவர்கள் ஒருமுறை அந்தத் தண்ணீருக்குள் இறங்கி நடந்து வரவேண்டும்.

ஆனாலும் அவன் தடுமாறினான். யூதாவின் அரணான பட்டணமாகிய லாகீசில் இருந்த சனகெரிபுக்கு ஆள் அனுப்பி, "நான் குற்றம்செய்தேன்" என்றான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்தான். அதற்காக ஆலயக் கதவுகளில் தானே அழுத்தியிருந்த பொன்தகட்டைக் கழற்றினான். தகப்பன் செய்த அதே காரியத்தை மகனும் செய்தான். பணத்தை வாங்கிக்கொண்டும் சனகெரிப் திரும்பிப் போகவில்லை, தன் அதிகாரியாகிய ரப்சாக்கேயைப் பெரிய சேனையோடு எருசலேமுக்கு அனுப்பினான்.

ரப்சாக்கே வந்து நின்ற இடத்தைக் கவனியுங்கள். வண்ணார் துறை வழியில் இருக்கும் மேல்குளத்துக் கால்வாய் அருகே. ஏசாயா 7ஆம் அதிகாரத்தைத் திருப்பினால், முப்பது வருஷத்துக்கும் முன்பு அதே இடத்தில்தான் தீர்க்கதரிசி ஏசாயா ஆகாஸைச் சந்தித்து, "பயப்படாதே, கர்த்தரை நம்பு" என்ற செய்தியைக் கொடுத்தார். ஆகாஸ் நம்பவில்லை, அசீரியாவை நம்பினான். தகப்பன் நம்பிய அசீரியா, தகப்பன் நம்ப மறுத்த அதே இடத்தில் வந்து நின்று, "நீ நம்பியிருக்கிற இந்த நம்பிக்கை என்ன?" என்று மகனைக் கேட்கிறது.

பிறகு சனகெரிபிடமிருந்து நிருபம் வருகிறது. எந்த தேசத்தின் தெய்வம் அசீரியாவின் கைக்குத் தன் தேசத்தைத் தப்புவித்தது என்று கேட்கும் மிரட்டல் நிருபம். எசேக்கியா அதை வாங்கி வாசித்து, ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். அவனுடைய ஜெபத்தில் பொய்த் தைரியம் இல்லை. அசீரியா ராஜாக்கள் தேசங்களை நாசமாக்கினது உண்மைதான் ஆண்டவரே என்று ஒத்துக்கொண்டுதான், "எங்களை இரட்சியும்" என்று கேட்கிறான். அன்று இரவு 1,85,000 பேர் பாளயத்தில் செத்துக் கிடந்தார்கள்.

சனகெரிப் களிமண் உருளைகளில் எழுதிவைத்த போர்க்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. எசேக்கியாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், அவனைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்தேன் என்று எழுதினான். எருசலேமைப் பிடித்தேன் என்று எழுதவில்லை. லாகீஸைப் பிடித்ததை மட்டும் நினிவேயில் தன் அரண்மனைச் சுவர்களில் செதுக்கி வைத்தான். மதிலைத் தகர்ப்பதும், குடும்பங்கள் மூட்டைமுடிச்சுகளோடு சிறைப்பட்டுப் போவதும் அதில் இருக்கின்றன. லாகீசின் வீடுகளில் ஜெபம் இல்லாமலா இருந்திருக்கும்? இதற்கு எளிதான பதில் ஒன்றை இந்த மேடையில் நான் சொல்லமாட்டேன். எருசலேமின் விடுதலையைப் பாடும்போது லாகீஸை மறந்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து அவனுடைய வியாதி. மரிப்பாய் என்று ஏசாயா சொன்னதும் சுவர்ப்புறமாகத் திரும்பிக்கொண்டு மிகவும் அழுதான். கர்த்தர் கண்ணீரைக் கண்டார். அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப் போட்டார்கள், பிழைத்தான். 15 வருஷம் கிடைத்தது.

அப்போதுதான் இரண்டாவது நிருபம் வருகிறது. பாபிலோன் ராஜா மெரோதாக்பலாதான், நிருபத்தையும் வெகுமானத்தையும் அனுப்புகிறான். எசேக்கியா ஆண்டது 29 வருஷம், சனகெரிப் வந்தது 14ஆம் வருஷம், கூட்டிக் கொடுக்கப்பட்டது 15. கணக்குப் போட்டால் வியாதியும் முற்றுகையும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. பாபிலோனியர் வந்தது முற்றுகைக்கு முன்பாகத்தான் இருக்கவேண்டும், கப்பம் கட்டிய பிறகு காட்டுவதற்குப் பொக்கிஷம் எங்கே இருந்தது என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. எது முந்தி, எது பிந்தி என்றாலும் நான் சொல்ல வந்தது மாறுவதில்லை. வயதாகி விசுவாசம் தளர்ந்த ஒருவனின் கதை அல்ல இது. அதே மனிதன், அதே கைகள், ஏறக்குறைய அதே காலம். மிரட்டி வந்த நிருபத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தான். பாராட்டி வந்த நிருபத்தை விரித்ததாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை.

தேசத்தில் நடந்த அற்புதத்தைப் பற்றிக் கேட்கத்தான் அந்தத் தூதர்கள் வந்தார்கள் என்று 2 நாளாகமம் 32ஆம் அதிகாரம் சொல்கிறது. தூரதேசத்தார் தாங்களாகவே வந்து, உன் தேவன் உனக்கு என்ன செய்தார் என்று கேட்கிறார்கள். இவனோ அவர்களுக்கு வெள்ளியைக் காட்டினான், பொன்னைக் காட்டினான், கந்தவர்க்கங்களையும் ஆயுதசாலையையும் காட்டினான். அவர்கள் போனதும் ஏசாயா வந்தார். "அந்த மனுஷர் என்ன சொன்னார்கள்? எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்டார். எசேக்கியா இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறான்: தூரதேசமாகிய பாபிலோனிலிருந்து வந்தார்கள். என்ன பேசினார்கள் என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் இல்லை.

பிரியமானவர்களே, மருத்துவ அறிக்கையைத் தலையணையின் கீழ் வைத்து அழுது ஜெபிக்கிறோம். கடன்காரரின் நோட்டீஸை ஆலயத்துக்கு எடுத்து வருகிறோம். வேலைக்கான உத்தரவு வந்தால்? வெளிநாட்டு விசா வந்தால்? பிள்ளைக்கு வசதியான இடத்திலிருந்து சம்பந்தம் வந்தால்? ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறோம், உண்மைதான். ஆனால் அதை ஒப்புக்கொள்ளலாமா என்று கர்த்தரிடத்தில் விசாரிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நீ காட்டியதெல்லாம் பாபிலோனுக்குப் போகும், உன் குமாரரில் சிலர் அங்கே அரமனை வேலைக்காரராவார்கள் என்றார் ஏசாயா. கர்த்தருடைய வார்த்தை நல்லது, என் நாட்களில் சமாதானம் இருக்குமே என்றான் எசேக்கியா. கர்த்தரின் சித்தத்துக்குத் தலைவணங்கினான் என்று இதை விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை. தன் மரணச்செய்தியைக் கேட்டு அவ்வளவு அழுதவன், பிள்ளைகளின் அடிமைத்தனத்தைக் கேட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே. அழுதபோது தீர்ப்பை மாற்றின தேவன் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்?

எசேக்கியா மரித்தபோது மகன் மனாசேக்கு வயது 12. கூட்டிக் கொடுக்கப்பட்ட அந்த 15 வருஷத்துக்குள் பிறந்த பிள்ளை. அவன் தகப்பன் இடித்த மேடைகளைத் திரும்பக் கட்டினான், எருசலேமைக் குற்றமில்லாத இரத்தத்தால் நிரப்பினான். கடைசியில் அசீரியரின் சேனாபதிகள் அவனை விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். எந்த ஊருக்குத் தெரியுமா? பாபிலோனுக்கு. அங்கே அந்த நெருக்கத்தில் மனாசே தன்னை மிகவும் தாழ்த்திக் கெஞ்சினான். கர்த்தர் அவனுடைய விண்ணப்பத்தைக் கேட்டு, அவனைத் திரும்ப எருசலேமுக்கு, அவனுடைய ராஜ்யத்துக்கு வரப்பண்ணினார். 2 நாளாகமம் 33ஆம் அதிகாரம். இங்கே வந்திருக்கும் தகப்பன்மாரும் தாய்மாரும் அந்த அதிகாரத்தை இன்று வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும், ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கர்த்தரிடத்தில் கேளுங்கள்.