வளவில் இறங்கும் மழை

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானுக்கு வருகிறவர்கள் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். செட்டிநாட்டு வீடு விளங்க வேண்டுமானால் மழை நாளில் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், போய் நிற்க வேண்டும். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் இறங்கும். ஓரத்தில் வைத்த அண்டாக்கள் நிறையும். மிச்சம் வாய்க்கால் பிடித்து ஊருணிக்குப் போகும். வறண்ட பூமியில் வாழ்ந்தவர்களின் கணக்கு அது. வளவைச் சுற்றியுள்ள அறைகளும் அப்படித்தான். கல்யாணமான மகன் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை, தனி அடுப்பு. கூட்டுக் குடும்பமும் தனிக் கணக்கும் ஒரே கூரைக்குள் இருந்ததை அந்த அறை வரிசையிலேயே படித்துவிடலாம். பர்மாத் தேக்கைவிட, இத்தாலிப் பளிங்கைவிடப் பெரிய சொத்து அதுதான்.

1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. அங்கே வட்டித் தொழில் செய்து இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரின் வருமானம் அறுந்தது. பிறகு தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் சுவரைக் காக்காது.

சுவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இது சுண்ணாம்புச் சுவர். தரை ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். பூச்சு உதிர்ந்தது என்று அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. அது மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும். கூடவே செங்கல்லின் முகமும் பெயர்ந்து வரும். அந்த ஈரச் சுவருக்குள் தலை புதைந்த உத்திரம் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும்.

சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பையே பூசுங்கள். அதற்கு நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைக்க வேண்டும். மெல்லிய பூச்சாகப் பூசி, ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டுத் தடிமனாக அப்பினால் வெடிக்கும். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். கையால் தடவினால் கண்ணாடிபோல் குளிரும்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் படவே கூடாது. அது சூளையில் சுட்டதல்ல; கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறி இறுகிய சிமெண்ட். ஆசிட் நிறத்தைத் தின்றுவிடும். ஈரத்துணியும் துளி தேங்காயெண்ணெயும் போதும்.

முதல் பணம் கூரைக்குத்தான் போக வேண்டும், வண்ணத்துக்கு அல்ல. இரண்டு சரிவு சேரும் மூலையில் சருகு அடைத்து, ஓடு ஒன்று நழுவினாலே கீழே உள்ள கட்டைக்குக் கேடு. பங்காளிகள் இருபது பேர் இருபது ஊரில் இருப்பார்கள். பாகம் பேசி முடியட்டும் என்று காத்திருந்தால் ஐப்பசி மழை காத்திருக்காது. புள்ளிக்கு இவ்வளவு என்று பழுதுபார்ப்புக்கு மட்டும் ஒரு பொதுக் கணக்கைத் தொடங்குங்கள். ஆவணிக்குள் ஆளை ஏற்றி அந்த மூலைகளைப் பார்த்துவிடுங்கள்.